பிள்ளைத்தாய்ச்சியின் முதுகுவலி

முதுகு வலிக்கிறது என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி சொன்னால், வீட்டுப் பெரியவர்கள் தரும் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "நாங்கள் எல்லாம் பெறவில்லையா?" என்பார்கள். அத்துடன் சிகிச்சை முடிந்துவிடும். இந்தப் பதிலைக் கேட்டுச் சலித்த பெண், தன் வலியைக் காது கொடுத்துக் கேட்கிற எவரிடமும் போகத் தயாராயிருப்பதில் ஆச்சரியம் என்ன?

அப்படிக் காது கொடுத்துக் கேட்பவர்களில் ஒருவர் 'கைரோபிராக்டர்' என்பவர். முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் தள்ளியும் திருகியும், 'சொடக்'கென்று ஓசை எழுப்பியும் வலி தீர்ப்பது அவர் தொழில். அமெரிக்காவில் குடித்தனம் செய்யும் நம் பெண்களுக்கு இந்தப் பெயர் நன்றாய்த் தெரியும். நம் பெரிய நகரங்களிலும் இப்போது இந்தப் பலகைகள் தென்படுகின்றன. ஆகவே, கர்ப்ப காலத்தில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்ற கேள்வியை இந்த வாரம் எடுத்துக்கொள்ளுவோம்.

முதலில் அதன் பூர்வோத்தரம். 1895-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் அயோவா மாகாணத்து டாவன்போர்ட் நகரில் இது பிறந்தது. பிறப்பித்தவர் டேனியல் டேவிட் பாமர். அதற்கு முன் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். ஹார்வி லில்லார்டு என்ற காது மந்தமான மனிதருடைய முதுகெலும்பில் ஓரிடத்தைத் தாம் தள்ளிச் சரிப்படுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்று பாமர் அறிவித்தார். காதின் நரம்போ நேரே மூளைக்குச் செல்லுகிறதேயன்றி, முதுகெலும்பின் வழியாகப் போவதில்லை. ஆனால் பாமர் அதோடு நிற்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வியாதிகளுக்கு முதுகெலும்புக் கணுக்கள் விலகுவதே காரணம் என்று 1910-இல் ஒரு புஸ்தகமே எழுதிவிட்டார். வைத்திய சாஸ்திரம் இந்தச் சித்தாந்தத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுள்ள கைரோபிராக்டர்களிலேயே பலர் இதைக் கைவிட்டு, முதுகுவலி, கழுத்துவலி அளவில் தொழிலை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்க மாகாணங்களில் கான்ஸாஸ் 1913-இல் முதன்முதலாகச் சட்டம் செய்து இத்தொழிலை அங்கீகரித்தது. லூயிசியானா கடைசியாக 1974-இல் அங்கீகரித்தது. இங்கிலாந்தில் 1994-இல் சட்டம் வந்தது. அங்கெல்லாம் கலாசாலையில் படித்து லைசென்ஸ் பெற்றவர்தாம் இந்தத் தொழிலைச் செய்யலாம். நம் தேசத்திலோ, ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலியவற்றைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சின் ஜாபிதாவில் இதற்கு இடமில்லை. இங்கே பலகை போட்டிருப்பவர் எங்கே, எத்தனை வருஷம் படித்தார் என்பதை நாமேதான் கேட்டறிய வேண்டும்.

இனி, வலியின் விஷயம். கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இடுப்பிலோ முதுகிலோ வலி காண்கிறது. வயிறு முன்னே வளர வளர, உடம்பின் பாரம் முன்புறம் சாய்கிறது. அதைச் சமாளிக்க இடுப்பு பின்னே வளைகிறது. போதாக்குறைக்குப் பிரசவத்துக்கு ஆயத்தமாக இடுப்பெலும்பைப் பிணைத்திருக்கும் தசைநார்களும் தளர்ந்து கொடுக்கின்றன. இவ்வளவு மாறுதலுக்கு நடுவே மூத்த குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும்? அது பாசாங்கும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல.

இந்த வலிக்குக் கைரோபிராக்டிக் பலன் தருமா? சிலருக்குச் சுகம் தெரிகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாஸ்திரீயமான ருசு மிகவும் சொற்பம். 2015-இல் காக்ரேன் ஸ்தாபனம் கர்ப்ப கால முதுகுவலி, இடுப்புவலி பற்றிய 34 பரிசோதனைகளை, 5,121 ஸ்திரீகளைப் பற்றிய விவரங்களுடன் ஒருங்கே பரிசீலித்தது. இடுப்புவலியைக் குறைக்கக்கூடியதாக அதில் தென்பட்டது தேகப்பயிற்சி. அதற்கான ருசுகூட அவ்வளவு பலமானதல்ல என்று பரிசீலித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். தேகப்பயிற்சிக்கே இந்தக் கதி என்றால், எலும்பைத் தள்ளும் சிகிச்சைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அபாயம் உண்டா என்பதே அடுத்த கேள்வி. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னரும் இச்சிகிச்சையால் நேர்ந்த தீங்குகளைத் தேடித் தொகுத்து 2012-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அச்சில் அகப்பட்டவை மிகச் சிலவே. ஆனால் அந்தச் சிலவற்றில் எலும்பு முறிவும் பக்கவாதமும் இருந்தன. 'சிலவே' என்பதைக் கண்டு திருப்தியடைந்துவிட முடியாது. ஆஜர்ப் பட்டி எடுக்காத வகுப்பில் ஒரு பையனும் 'ஆப்ஸெண்ட்' ஆவதில்லை என்பது உபாத்திமைத் தொழிலில் இருக்கும் நமக்கு நன்றாய்த் தெரியும். தீங்குகளைக் கணக்கெடுக்க யாரும் உட்காராத இடத்தில் தீங்கே இல்லை என்றுதான் தோன்றும்.

முக்கியமாகக் கழுத்து. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளிலுள்ள துவாரங்களின் ஊடே மேலே ஏறுகின்றன. கழுத்தைச் சடக்கென்று திருப்பும்போது, அபூர்வமாக, அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போகும் ஓட்டம் தடைப்படுவதுண்டு. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களிலும் ரத்தம் உறையும் இயல்பு இயற்கையாகவே அதிகம். ஆகவே கழுத்தை நெட்டி முறிக்கும் வேலை, அமெரிக்காவில் பட்டம் பெற்றவர் செய்தாலும் சரி, நம் தெருக்கோடிச் சவரக் கடையில் நடந்தாலும் சரி, பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டவே வேண்டாம்.

இடுப்பின் விஷயம் இவ்வளவு பயங்கரமல்ல. பிரசவ வைத்தியர் பரிசோதித்து, கர்ப்பத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்ன பிறகு, பயிற்சி பெற்றவர் ஒருவர் ஒருக்களித்துப் படுக்க வைத்து மிருதுவாக அழுத்திவிடுவதால் பெரிய கெடுதல் நேர்வது அபூர்வம். வயிற்றை அழுத்தலாகாது, உடம்பைப் பலமாக முறுக்கலாகாது. ஐந்து மாதத்துக்கு மேல் நெடுநேரம் மல்லாந்து படுக்க வைக்கவும் கூடாது. கர்ப்பப்பையின் பாரம் அடியிலுள்ள பெரிய ரத்தக் குழாயை அமுக்கி மயக்கம் வரும். முதுகெலும்பைப் பார்க்கிறேன் என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால், பிரசவ வைத்தியரைக் கேட்காமல் சம்மதிக்கலாகாது.

வேறொரு வாக்குறுதியும் இவர்களில் சிலர் தருவதுண்டு. வயிற்றில் குழந்தை தலை மேலாக இருந்தால், இடுப்பெலும்பைச் சரிசெய்து குழந்தையைத் திரும்பச் செய்வோம் என்கிறார்கள். லாரி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கரின் பெயரால் இந்த முறை வழங்குகிறது. கணக்கைக் கவனியுங்கள். இருபத்தெட்டாவது வாரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தை தலை மேலாகவே இருக்கிறது. பிரசவ காலம் நெருங்கும்போது அப்படி இருப்பவை நூற்றுக்கு மூன்று நான்குதான். மற்றவை தாமாகவே திரும்பிவிடுகின்றன. இடையில் யார் எதைச் செய்தாலும், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த பெருமை அவருக்குக் கிடைத்துவிடும்! திரும்பாத குழந்தையை முப்பத்தாறாவது வாரத்துக்கு மேல், ஆஸ்பத்திரியில், ஸ்கேன் பார்த்து, குழந்தையின் நாடித்துடிப்பைக் கவனித்துக்கொண்டே, வயிற்றின் மேல் கை வைத்துத் திருப்பும் வைத்திய முறை ஒன்று இருக்கிறது. சுமார் பாதிப் பேருக்கு அது பலிக்கிறது. அவசரமானால் ஆபரேஷனுக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டே அதைச் செய்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

ஆயினும், எல்லாவற்றிலும் பெரிய அபாயம் கைரோபிராக்டருடைய கையில் இல்லை. கர்ப்ப காலத்து வலி எல்லாம் எலும்பு வலி அல்ல என்பதில்தான் இருக்கிறது. கடுமையான தலைவலியும் கண் மங்கலும் முகவீக்கமும் சேர்ந்து வந்தால், அது கழுத்துப் பிடிப்பாயிராது; ரத்தக் கொதிப்பு ஏறித் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும் பிரிஎக்ளாம்ப்சியா என்னும் வியாதியாயிருக்கலாம். விட்டுவிட்டு, கணக்காக வரும் இடுப்புவலி குறைமாதப் பிரசவ வலியாயிருக்கலாம். ஜுரத்தோடும் நீர்க்கடுப்போடும் வரும் முதுகுவலி சிறுநீரகத்தில் கிருமி புகுந்ததாயிருக்கலாம். உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், கால் மரத்துப்போதல், நீர் பிரியாமை, குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது கண்டாலும், அரை மணி நேரங்கூட எலும்புச் சிகிச்சையில் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகைப் பிடித்துவிட்டதால் வலி சற்றுக் குறைந்து, அந்த ஆறுதலில் நாழிகை கழிந்துவிடுமானால், அந்த ஆறுதலே விஷமாகிவிடும்.

சாதாரண முதுகுவலிக்குச் செய்யக்கூடியவை சுலபமானவை. தினந்தோறும் நிதானமாக நடப்பது, டாக்டர் அநுமதித்த தேகப்பயிற்சி, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்து ஒருக்களித்துத் தூங்குவது, நெடுநேரம் நிற்காமல் நடுநடுவே உட்காருவது, பளுத் தூக்காமலிருப்பது. வலி நீடித்தால் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே பிஸியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

இவற்றில் பாதி, அவள் தனியே செய்துகொள்ளக்கூடியவை அல்ல என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். அவள் உட்கார வேண்டுமானால் அடுப்படியில் வேறொருவர் நிற்க வேண்டும். அவள் பளுத் தூக்காமலிருக்க வேண்டுமானால் மூத்த குழந்தையைத் தகப்பனார் தூக்கிக்கொள்ள வேண்டும். அவள் தலைவலியின் குணத்தைச் சொல்லும்போது மாமியார் அதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். "நாங்கள் எல்லாம் பெறவில்லையா?" என்னும் பெரியவர்கள் பெற்றது உண்மைதான். பிரசவத்தில் மாண்டு போனவர்கள் வந்து அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாது என்பதையும் அவர்கள் சற்று நினைத்துப் பார்க்கலாம்.