வெளியே போற கதவை முதல்ல பாருங்கோ



இந்தக் கிழமை எபிசோடில உதவிப் பக்கங்களும் கையேடுகளும் எழுதுற மென்பொருள்களைப் பற்றிக் கதைச்சம். "மாட்காப் ஃபிளேரா, ரோபோஹெல்ப்பா, இல்லாட்டி சும்மா மார்க்டவுனா?" என்று நீங்கள் அனுப்புகிற கேள்விக்கு அதில நேரான பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி இதுதான்: நாளைக்கு இந்த மென்பொருளை விட்டிட்டுப் போறதெண்டால், என்ர எழுத்து என்னோட வருமா?

இது எனக்கு வேலையிடத்தில் வந்த ஞானம் இல்லை. வோபர்னில, மார்க்கம் ரோட்டுக்குக் கிட்ட இருக்கிற எங்கட வீட்டு பேஸ்மென்டில வந்தது. அப்பா ஒரு ஊர்ச் சங்கத்தில் பல வருஷம் செயலாளராக இருந்தவர். ஆண்டு விழா எப்படி நடத்துவது, மண்டபம் எப்ப எடுப்பது, கணக்கை யார் பார்ப்பது எல்லாவற்றையும் ஒரு கையேடாக எழுதி வைத்திருந்தார். புதுச் செயலாளர் கேட்டபோது பழைய சீடியைத் தந்து, "தம்பி, இதை ஒருக்கா எடுத்துத் தா" என்றார். திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி எழுத்துரு. அதில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கோப்பில் இருக்கும். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாட்டி குப்பை.

ஆனாலும் அந்தக் கோப்பு தப்பிவிட்டது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. மாற்றி ஒன்றில் போட்டேன், பத்து நிமிஷத்தில் யூனிகோட் தமிழ் வந்தது. தப்பாதது, வடிவாக இருக்க வேண்டும் என்று ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த மற்றப் பாதி. அந்தக் கோப்பை இன்றைக்கு என்னிடம் இருக்கிற எதுவும் திறக்கவில்லை. அட்டவணைகளை அப்பா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சில இடங்களில் அவருக்கும் நினைவில்லை.

பெரிய இடங்களிலும் இதுதான் நடந்தது. 1990ல் விண்டோஸ் 3.0ஓடு வந்தது வின்ஹெல்ப். ஆயிரக்கணக்கான மென்பொருள்களின் உதவிப் பக்கங்கள் அந்த வடிவத்தில் இருந்தன. 2007ல் விஸ்டா கடைக்கு வந்தபோது அதைத் திறக்கிற நிரல் கூட வரவில்லை. தேவையென்றால் தனியாக இறக்க வேண்டும். பிறகு விண்டோஸ் 10ல் அதுவும் இல்லை. மென்பொருள் நிறுவனங்களும் கைமாறும். ரோபோஹெல்ப் செய்த இஹெல்ப் நிறுவனத்தை 2003ல் மாக்ரோமீடியா வாங்கியது, மாக்ரோமீடியாவை 2005ல் அடோபி வாங்கியது. அதே வருஷம் பழைய இஹெல்ப் ஆட்கள் சிலர் தொடங்கியதுதான் மாட்காப். அட்லாசியன் 2024 பெப்ரவரி 15ஓடு சர்வர் பதிப்புகளுக்கான ஆதரவை நிறுத்தியபோது, கன்ஃபுளுவன்ஸைச் சொந்த சர்வரில் வைத்திருந்தவர்கள் கிளவுடுக்கோ டேட்டா சென்டர் பதிப்புக்கோ மாற வேண்டி வந்தது. இதில் ஆரையும் குற்றம் சொல்ல வரவில்லை. கம்பனி எண்டால் அப்பிடித்தான். நீங்கள் எழுதினது அந்தக் கம்பனியை விட அதிக காலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்க உதாரணம் பைத்தன். அதன் ஆவணங்கள் முதலில் லாடெக்கில் இருந்தன. 2007ல் அவற்றை ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்டுக்கு மாற்றி, ஸ்ஃபிங்ஸ் என்ற புதுக் கருவியில் கட்டினார்கள். மூலம் வெறும் உரைக் கோப்பாக இருந்தபடியால்தான் நிரல் எழுதி மாற்ற முடிந்தது.

அப்ப எல்லாரும் மார்க்டவுனும் கிட்டும் எண்டு போகலாமா? இங்கேதான் எபிசோடில வந்த விருந்தினரோட நான் ஒத்துப்போகவில்லை. நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் அப்படி மாறினோம். டெவலப்பர்களுக்குச் சந்தோஷம். ஆனால் வாடிக்கையாளர் எங்கே தடுமாறுகிறார் என்று உண்மையில் தெரிந்த சப்போர்ட் டீம், கிட்டைக் கண்டு பயந்து எழுதுவதையே விட்டுவிட்டது. மூன்று மாதத்தில் பக்கங்கள் வடிவாக இருந்தன, ஆனால் பிழையாக இருந்தன. ஒரே உள்ளடக்கத்தை நாலு வகை வாடிக்கையாளருக்கு வேறுவேறாக வெளியிட வேண்டுமென்றால் ஃபிளேர் மாதிரி ஒன்றுக்குக் காசு கொடுப்பது நியாயம். அதன் தலைப்புக் கோப்புகள் எக்ஸ்எச்டிஎம்எல்தான், உங்கள் கணினியிலேயே இருக்கும். ஆனால் நிபந்தனைக் குறிகளும் மாறிகளும் அதற்கே உரியவை. கூடப் பாவித்தால் வெளியே வரும்போது கூட வேலை.

ஆகவே, டெமோவில் மயங்க முதல் நாலு சோதனை செய்து பாருங்கோ.

முதல் நாளே இருபது பக்கத்தை வெளியே எடுங்கள். பிடிஎஃப் மட்டும் தந்தால் அது வெளியேறும் கதவு இல்லை, ஜன்னல்.

எழுத வேண்டியவரை, டெவலப்பர் இல்லாத ஒருவரை, உட்கார வைத்து ஒரு வரியைத் திருத்தச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது.

வெளியாகிற பக்கத்தைத் திரைவாசிப்பானில் கேளுங்கள். ஒன்ராறியோவில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்களின் பொது இணையத்தளங்கள் 2021 ஜனவரி 1 முதல் வெப் அணுகல் வழிகாட்டி 2.0, ஏஏ நிலைக்கு இருக்க வேண்டும் என்பது சட்டம். உதவிப் பக்கமும் அதில் அடங்கும்.

கடைசியாக, ஒரு தமிழ்ப் பந்தியைப் போட்டுப் பாருங்கள். பிடிஎஃபில் இருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகிறதா? 'கோப்பு' என்று தேடினால் 'கோப்பில்' என்று எழுதிய பக்கம் வருமா? கடைசி உகரம் போய்விடுவதால் சாதாரணத் தேடல் அதைக் கண்டுபிடிக்காது. "எங்கட கம்பனி தமிழில ஒண்டும் போடாது" என்பீர்கள். பரவாயில்லை. தமிழைத் தாங்குகிற கருவி மற்ற மொழிகளையும் பெரும்பாலும் தாங்கும். உங்களில் பலர் ஒருநாள் கோயிலுக்கோ, சங்கத்துக்கோ, அம்மம்மாவின் மருந்து அட்டவணைக்கோ அதே கருவியைத்தான் திறப்பீர்கள்.

அப்பாவின் கையேடு இப்ப வெறும் மார்க்டவுன் கோப்பு, 31 பக்கம். புதுச் செயலாளர் அதை வேர்டில் திறந்து திருத்துகிறார், எனக்கு ஆட்சேபணை இல்லை. அட்டவணையில் இரண்டு கட்டங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.

நீங்கள் வெளியே எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்ட கோப்பு ஏதும் இருந்தால் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. அடுத்த எபிசோடில சேர்ந்து திறந்து பார்ப்பம்.