"வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லாதீர்கள்

நம் பக்கம் கபடி ஆடாத பையன்கள் குறைவு. அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் பிறந்த மண் அல்லவா! ஆடுகிற பிள்ளைக்குக் கால் பிசகுவதும் சகஜம். முன்பெல்லாம் எண்ணெய் போட்டு உருவிவிட்டு, பத்துப் போட்டுப் படுக்க வைப்போம். இப்போது ஸ்கேன் எடுத்து, "ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன்" என்கிறார்கள். சிறு துளை போட்டு, தொடைத் தசைநாரை எடுத்து, கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பொருத்துகிறார்கள். பெரும்பாலோர் குணமாகி நடக்கிறார்கள், ஆடவும் செய்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை.

என் தங்கை பேரனுக்கும் அப்படித்தான் நடந்தது. ராத்திரி துணைக்கு நான் இருந்தேன். இரண்டு மணி இருக்கும். "தாத்தா, வலி தாங்கல. விரலெல்லாம் மரத்துப் போச்சு" என்றான். நர்சம்மாவைக் கூப்பிட்டேன். "ஆபரேஷன் பண்ணுனா வலிக்கத்தான் செய்யும் ஐயா. ஊசி போட்டாச்சு, தூங்கச் சொல்லுங்க" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. ஒற்றை ஆளாக ஒரு வார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது வியாசர்பாடி பிரியா.

நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 17 வயது கால்பந்து வீராங்கனை, சென்னை இராணி மேரி கல்லூரி மாணவி. 2022 நவம்பர் 7ஆம் தேதி பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் ஜவ்வுக்கு ஆபரேஷன். அதன்பின் காலில் இரத்த ஓட்டம் நின்றுபோக, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காலையே எடுத்தார்கள். நவம்பர் 15 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனது. ஆபரேஷனுக்குப் பின் போட்ட கட்டு அதிக இறுக்கமாக இருந்ததுதான் காரணம் என்று சுகாதார அமைச்சரே சொன்னார். இரண்டு டாக்டர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் கொடுத்தது. பிள்ளை திரும்பி வரவில்லை.

கட்டு இறுகினால் உயிர் எப்படிப் போகும்? காலில் தசைகள் உறைக்குள் உறையாக அடங்கியிருக்கின்றன. அந்த உறை விரிந்து கொடுக்காது. உள்ளே வீக்கம், வெளியே இறுகிய கட்டு. நடுவில் அழுத்தம் ஏறி இரத்தம் ஓடாமல் போகிறது. சுமார் 6 மணி நேரம் அப்படியே விட்டால் தசை சாக ஆரம்பிக்கும். செத்த தசையின் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். இறுகிய கட்டால் தசை கெடும் என்று ஃபோல்க்மான் என்ற ஜெர்மானிய டாக்டர் 1881லேயே எழுதிவிட்டார்.

இதன் முதல் அடையாளம் வலிதான். ஊசிக்கும் மாத்திரைக்கும் அடங்காத வலி. விரலை லேசாக மடக்கி நீட்டினாலே உயிர் போகிற வலி. பிறகு மரமரப்பு. கால் வெளுத்துச் சில்லிடுவதும் நாடி அடங்குவதும் பின்னால்தான் வரும். 'விரல் சூடாக இருக்கிறது, நாடி இருக்கிறது, பயமில்லை' என்று இருந்துவிடக் கூடாது.

நான் விடவில்லை. டாக்டரைக் கூப்பிடச் சொல்லி வாசலிலேயே நின்றேன். தூக்கக் கலக்கத்தோடு வந்த சின்ன வயது டாக்டர், விரலை அசைத்துப் பார்த்தார். பேசாமல் கட்டைத் தோல் தெரிகிற வரை பிரித்தார். பத்து நிமிஷத்தில் பையன் முகம் தெளிந்தது. "நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க" என்றார். கட்டைப் பிரித்தும் அடங்காவிட்டால் தசையுறையைக் கீறிவிட வேண்டியிருக்கும் என்று அப்புறம் சொன்னார்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. முந்தின நாள் சாயங்காலம் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். சர்வீஸ் முழுக்க, படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாத குமாஸ்தா நான். அன்றைக்கு மட்டும் படிக்காமல் போட்டேன். படித்திருந்தாலும் அந்த இங்கிலீஷில் ஒன்றும் விளங்கியிருக்காது.

"அபூர்வமாக வருவதையெல்லாம் சொன்னால் ஜனங்கள் பயந்து ஓடிவிடுவார்கள்" என்கிறார்கள் டாக்டர்கள். அபூர்வம் என்பது அவர்கள் கணக்கு. ஆயிரத்தில் ஒன்று என்றாலும், அந்த ஒன்று யார் வீட்டுப் பிள்ளையோ, அந்த வீட்டுக்கு அது முழுசு. பக்கத்தில் விழித்திருப்பவர் அம்மாவோ ஆச்சியோதான். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, ஆபரேஷன் முடிந்ததும் கூட இருப்பவர் கையில் தமிழில் ஒரு துண்டுச்சீட்டு. அடங்காத வலி, மரமரப்பு, விரல் அசையாமை வந்தால் உடனே கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போனபின் காய்ச்சலோடு முட்டி வீங்கினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் வாருங்கள் என்று நாலு வரி போதும். இரண்டு, நோயாளி வலி என்று சொன்ன மணியையும், வந்து பார்த்த மணியையும் கேஸ் ஷீட்டில் குறிக்க வேண்டும். மணி போட்டு எழுதிவிட்டால் யாரும் சும்மா இருக்க முடியாது. இது நான் ஆபீசில் கற்ற பாடம்.

அதுவரை, உங்கள் பேரனுக்குத் துணையிருக்கப் போனால் தூங்காதீர்கள். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்.