501-வது யூனிட்டுக்கு ரூ.233!

ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் செலவாகிறது. பக்கத்து வீட்டில் 501 யூனிட். ஒரே ஒரு யூனிட்தான் அதிகம். பில் எவ்வளவு அதிகமாக வரும்?

ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று நினைப்பீர்கள். இல்லை. 233 ரூபாய்!

இது கதை அல்ல. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த கட்டணப்படி போட்ட கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட், யூனிட் ஒன்று ரூ.2.25. அதற்கு மேல் 400 வரை ரூ.4.50. பிறகு 500 வரை ரூ.6. கூட்டினால் ரூ.1,725.

501 ஆகிவிட்டால்? அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.8. அதோடு விட்டதா? இல்லை. ரூ.2.25 என்ற சலுகை விலை பறிபோய்விடுகிறது. அந்த 100 யூனிட்டுக்கும் ரூ.4.50 வீதம் போடப்படுகிறது. மொத்தம் ரூ.1,958.

2024 ஜூலையில் கட்டணம் மறுபடியும் ஏறியது. ஆகவே மேலே சொன்ன தொகையை இன்றைய பில்லோடு ஒப்பிட வேண்டாம். படிக்கட்டில் ஏற ஏற விலையும் ஏறும் முறையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படியில் நிற்கிறோம்?

பால்காரர் கணக்கைக் காலண்டரில் குறித்து வைக்கிறோம். மளிகைக் கடைப் பாக்கியை நோட்டில் எழுதுகிறோம். சமையல் காஸ் தீர்ந்துவிடும் போலிருந்தால் முன்கூட்டியே பதிவு செய்கிறோம்.

கரண்டுக்கு மட்டும் கணக்கு இல்லை! 60 நாள் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்கிறோம். ரீடிங் எடுப்பவர் வந்து அட்டையில் எழுதிய பிறகுதான் நாம் எந்தப் படியில் ஏறி நிற்கிறோம் என்பது தெரிகிறது. அப்போது தெரிந்து என்ன பயன்? ரீடிங் நாலு நாள் தள்ளிப்போனால் அடுத்த படிக்குப் போய்விடுவோமோ என்ற கவலை வேறு.

மாதம் ஒரு முறை கணக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை இதனால்தான் எழுந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிகளில் அதுவும் ஒன்று. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகு அது நடைபெறும் என்று பின்னர் சொல்லப்பட்டது.

மீட்டர் வரட்டும். அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டுமா?

சிவப்பு விளக்கு பேசுகிறது

உங்கள் வீட்டு மீட்டரைப் போய்ப் பாருங்கள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். பழுது என்று எண்ணிவிடாதீர்கள். அதுதான் மீட்டரின் நாடித் துடிப்பு.

விளக்கின் பக்கத்தில் 3200 என்று போட்டிருக்கும். சில மீட்டர்களில் 1600 அல்லது 6400 இருக்கலாம். 3200 முறை விளக்கு சிமிட்டினால் ஒரு யூனிட் செலவாகிவிட்டது என்று பொருள்.

கைக்கடிகாரம் இருந்தால் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் நடுவே எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். 1125-ஐ அந்த வினாடியால் வகுங்கள். வருகிற விடைதான், அந்த நிமிஷத்தில் உங்கள் வீடு இழுக்கும் வாட். (இது 3200 மீட்டருக்கு. 1600 என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும்.)

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு பழைய மின்விசிறியை ஓட விடுங்கள். 15 வினாடிக்கு ஒரு முறை சிமிட்டும். 75 வாட்! இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். வினாடிக்கு ஒரு முறை சிமிட்டும். ஏ.சி. எந்திரம் முழு மூச்சில் ஓடும்போது அதைவிட வேகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் வகுத்தல் கணக்கும் படிந்தது போலாகும்.

ஆனால் 60 நாளும் ராப்பகலாக யார் எண்ணிக்கொண்டிருப்பது?

அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் எண்ணும் முறை

இதற்கு மூன்று சாமான் வேண்டும். முதலாவது, விளக்கைப் பார்க்கிற ‘கண்’. வெளிச்சத்தை உணரும் சிறு பொருள் அது. அதோடு ஈ.எஸ்.பி.32 என்ற சின்னப் பலகையை இணைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். கண்ணை விளக்கின் மேல் டேப் போட்டு ஒட்டினால் போதும். மீட்டரைத் திறக்கக் கூடாது. சீலைத் தொடவே கூடாது. ஒயரில் கை வைக்கும் வேலை இதில் கிடையாது.

இரண்டாவது, ஒரு கம்ப்யூட்டர். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை எடுத்துத் துடைத்து வைத்தால் செலவு இல்லையே என்று நினைக்கிறார்கள். கணக்கெடுக்கும் கம்ப்யூட்டர் இரவு பகல் ஓட வேண்டும். பழையது 60 வாட் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 86 யூனிட்டை அதுவே தின்றுவிடும்! வேலி பயிரை மேய்ந்த கதைதான். பிரிட்டனில் 2012-ல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் புதிய வகைகளும் இந்த வேலைக்குச் சுமார் 5 வாட்தான் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 7 யூனிட். வாங்குவதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, மென்பொருள். இது இலவசம். ஹோம் அசிஸ்டென்ட் என்று பெயர். பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013-ல் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் தொண்டர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மின்சாரக் கணக்குக்கென்று தனிப் பக்கம் அதில் சேர்க்கப்பட்டது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பிறந்த இன்னொரு மென்பொருளும் உண்டு. அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘எமன்சிஎம்எஸ்’ என்று வரும். பயப்பட வேண்டாம், அதுவும் நல்ல பிள்ளைதான்.

மென்பொருளை மெமரி கார்டில் இறக்கி ராஸ்பெர்ரி பையில் செருக வேண்டும். அதை வீட்டு இன்டர்நெட் பெட்டியோடு ஒயரால் இணைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதன் பக்கம் உங்கள் கைப்பேசியிலேயே தெரியும். ‘கண்’ அனுப்பும் சிமிட்டல்களை எண்ணச் சொல்லிவிட்டு, யூனிட்டுக்கு 3200 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும்.

இந்த எண்ணில் கவனம் வேண்டும். 3200 மீட்டருக்கு 1600 என்று போட்டுவிட்டால் கணக்கு இரண்டு மடங்காகக் காட்டும். வீட்டில் வீண் சண்டை வரும்! ஒரு வாரம் கழித்துக் கம்ப்யூட்டர் சொல்லும் யூனிட்டையும் மீட்டரில் ஓடிய யூனிட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் சரி.

நமக்கென்றே செய்தது போல் ஒரு வசதி இதில் இருக்கிறது. நாள், வாரம், மாதம் என்று கணக்கைப் பிரிப்பது போல, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றும் பிரிக்கலாம். ரீடிங் எடுக்கும் தேதியில் புதுக் கணக்கு தொடங்கும்படி வைக்கலாம். 400 யூனிட் ஆனதும் ஒரு தகவல், 450 ஆனதும் ஒரு தகவல் கைப்பேசிக்கு வரும்படி சொல்லி வைக்கலாம். 450-ல் விழித்துக்கொண்டால் போதும். அந்த 233 ரூபாய் வீட்டிலேயே தங்கும்.

அடிக்கடி கரண்டு போகும் ஊரில் மெமரி கார்டு கெட்டுவிடுவது உண்டு. ஆகவே இன்வர்ட்டர் இருக்கும் வீட்டில் ராஸ்பெர்ரி பையை அந்த இணைப்பிலேயே வைப்பது நல்லது.

எங்கே போகிறது கரண்டு?

கணக்கு கையில் வந்ததும் முதலில் தெரிவது இரவு நேரச் செலவு. எல்லோரும் தூங்கும்போது வீடு எவ்வளவு இழுக்கிறது? பிரிட்ஜ், மின்விசிறி சரி. டி.வி.யை அணைத்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும் செட்-டாப் பெட்டி? அது 10 வாட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். பிளக்கில் சுவிட்சை அணைத்தால் அது மிச்சம்.

மின்விசிறிதான் பெரிய ஆள். ஏ.சி.யைத் திட்டுகிறோம், விசிறியை மறந்துவிடுகிறோம். 75 வாட் விசிறி நான்கு, நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 216 யூனிட். பி.எல்.டி.சி. என்ற புது வகை விசிறி சுமார் 30 வாட்தான் இழுக்கும். நான்கையும் மாற்றினால் 86 யூனிட். மிச்சம் 130 யூனிட்! 600 யூனிட் ஓடும் வீடு 470-க்கு இறங்கிவிடும். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற எல்லோராலும் முடியாது. அதிகம் ஓடுவது எது என்று கணக்கு பார்த்து, அதை முதலில் மாற்றலாம்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் போதாதா?

நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவது என்று மத்திய அரசாங்கம் 2021-ல் திட்டம் போட்டது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மீட்டர்கள் சோதனையாகப் பொருத்தப்பட்டன. மற்ற இடங்களுக்காகக் கேட்ட டெண்டர் ஒன்று 2024 டிசம்பரில் ரத்தாயிற்று.

2023 ஜூனில் மத்திய அரசாங்கம் விதிகளைத் திருத்தியது. பகலில் சூரிய ஒளி மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 சதவீதம் வரை குறைவாகவும், எல்லோரும் விளக்குப் போடும் உச்ச நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த முறை ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால் எத்தனை யூனிட் என்பதோடு, எந்த மணியில் எத்தனை யூனிட் என்பதும் தெரிந்தாக வேண்டும். மாவு அரைப்பதையும் துணி துவைக்கும் எந்திரத்தையும் பகலுக்கு மாற்றினால் லாபமா என்று இல்லத்தரசி கேட்பார். பதில் சொல்லக் கணக்கு வேண்டும்.

ஸ்மார்ட் மீட்டர் அந்தக் கணக்கை எடுக்கும். ஆனால் முதலில் யாருக்கு அனுப்பும்? மின் நிறுவனத்துக்கு!

மணிக்கு மணி மின்சாரக் கணக்கு என்பது சாதாரணத் தகவல் அல்ல. நீங்கள் எப்போது எழுந்திருக்கிறீர்கள், எப்போது படுக்கிறீர்கள், எந்த நாட்களில் வீடு பூட்டிக் கிடந்தது எல்லாம் அதிலே தெரியும். கெட்டவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்?

நெதர்லாந்து நாட்டு மக்கள் இதைத்தான் கேட்டார்கள். எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம் என்ற சட்டத்தை 2009-ல் அந்த நாட்டு மேல்சபை ஏற்க மறுத்துவிட்டது. பிறகு சட்டம் திருத்தப்பட்டது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. இன்னொன்றும் செய்தார்கள். மீட்டரிலேயே பி1 என்ற ஒரு வாசல் வைத்தார்கள். வீட்டுக்காரர் ஒரு கேபிளைச் செருகினால் போதும், கணக்கு நேராக அவருடைய கம்ப்யூட்டருக்கு வரும். புதிய மீட்டர்களில் வினாடிக்கு ஒரு முறை வரும்! விளக்கின் மேல் டேப் ஒட்டும் வேலையே இல்லை.

தமிழ்நாட்டில் புது மீட்டர் வரும்போது அதில் வீட்டுக்காரருக்கும் ஒரு வாசல் வேண்டும் என்று இப்போதே கேட்பது நல்லது. லட்சக்கணக்கில் வாங்கிப் பொருத்திய பிறகு கேட்டால் நடக்காது.

இதே காரணத்துக்காக இன்னொரு எச்சரிக்கை. கடையில் விற்கும் மலிவு ஸ்மார்ட் பிளக்குகள் பல, உங்கள் வீட்டுக் கணக்கை எங்கோ இருக்கும் கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டுத்தான் உங்களுக்குக் காட்டுகின்றன. வாங்கும்போது கணக்கு வீட்டிலேயே தங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு

நோட்டுப் புத்தகமே போதும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே நேரத்தில் மீட்டரில் உள்ள எண்ணை எழுதுங்கள். போன வார எண்ணைக் கழியுங்கள். 60 நாளுக்கு 500 என்றால் வாரத்துக்கு 58 யூனிட். 58-க்குள் இருந்தால் நிம்மதி. 70 வந்தால் அடுத்த வாரம் கையைப் பிடிக்க வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் மீட்டர்கள் எல்லாம் கீழே ஒரே இடத்தில் இருக்கும். அங்கே மூன்றாவது மாடி வைஃபை எட்டாது. அந்தக் குடியிருப்புகளில் எல்லோரும் சேர்ந்து கீழே ஒரு வைஃபை பெட்டி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘கண்’ ஒட்டும் முன் எது உங்கள் மீட்டர் என்று அட்டையில் உள்ள எண்ணோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கரண்டுக் கணக்கை நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்!