செயலி தவறினால் இழப்பு யாருக்கு? அங்கன்வாடி முகப் பதிவு எழுப்பும் கேள்வி

புதுதில்லி: கைக்குழந்தைக்கு உரிய சத்துமாவை வாங்க அங்கன்வாடிக்கு வரும் தாய், இப்போது கைபேசியின் முன் முகத்தைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே பதிவான படத்துடன் அந்த முகம் பொருந்தினால்தான் உணவு வழங்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். 2025 ஜூலை 1 முதல் இம்முறையை நாடு முழுவதும் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் கட்டாயமாக்கியுள்ளது.

சத்துணவு, ஊரக வேலைவாய்ப்பு, தேர்தல் கண்காணிப்பு என மக்கள் நலன் சார்ந்த பல பணிகள் கடந்த சில ஆண்டுகளில் கைபேசிச் செயலிகளுக்கு மாறியுள்ளன. இவை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. செயலி வேலை செய்யாத நாளில் ஏற்படும் இழப்பு யார் தலையில் விழுகிறது என்ற கேள்விக்குத்தான் இன்னும் தெளிவான விடை இல்லை.

பதிவேட்டிலிருந்து கைபேசிக்கு

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இதை எல்லாக் குடியிருப்புகளுக்கும் விரிவுபடுத்த வேண்டும் என்றும், 14 லட்சம் அங்கன்வாடி மையங்களாவது இயங்க வேண்டும் என்றும் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று ஏறத்தாழ அத்தனை மையங்கள் நாட்டில் செயல்படுகின்றன.

இம்மையங்களில் அங்கன்வாடி ஊழியர்கள் நீண்ட காலம் 11 பதிவேடுகளைக் கையால் எழுதி வந்தனர். அந்தச் சுமையைக் குறைக்கவும், தகவல்களை உடனுக்குடன் பெறவும் 2021 மார்ச் 1 அன்று 'போஷண் டிராக்கர்' செயலி அறிமுகமானது. குழந்தையின் உயரம், எடை, வருகை, வீடு தேடிச் சென்று பார்த்த விவரம் ஆகியவை அதில் பதிவாகின்றன. எடை குறைந்த குழந்தையை விரைவில் அடையாளம் காணவும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குடிபெயரும் குடும்பத்தின் பதிவைத் தொடரவும் இத்தகைய செயலி பெரிதும் உதவக்கூடியது.

இதன் தேவை குறித்து ஐயம் எழ இடமில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 32.1 சதவீதத்தினர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது.

முகப் பதிவு இச்செயலியில் பின்னர் சேர்க்கப்பட்டது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகள் ஆகியோருக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவுப்பொருள் வழங்கப்படுகிறது. இதற்காகப் பயனாளியின் ஆதார் விவரம் முதலில் சரிபார்க்கப்படுகிறது. ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவு எண் வருகிறது. அதைச் செலுத்திய பின் முகம் படமெடுக்கப்படுகிறது. குழந்தைகளின் பெயரில் தரப்படும் உணவுக்குத் தாயின் அல்லது பாதுகாவலரின் முகம் பதிவாகிறது. பின்னர் உணவு வழங்கும்போதெல்லாம் அப்படத்துடன் முகம் ஒப்பிடப்படுகிறது.

அரசின் வாதம்

உரியவருக்கு மட்டுமே உணவு சென்று சேர வேண்டும், போலிப் பயனாளிகள் நீக்கப்பட வேண்டும் என்பது அரசின் நிலைப்பாடு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் இத்திட்டத்தை ஆய்வு செய்த மாநிலக் கணக்காயரின் அறிக்கை 2022 செப்டம்பரில் வெளியானபோது நாடே வியந்தது. உணவுப்பொருளை ஏற்றிச் சென்ற லாரிகள் எனக் காட்டப்பட்ட சில பதிவு எண்கள், உண்மையில் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் கார்களுக்கும் உரியவை என்று அதில் கூறப்பட்டிருந்தது. பயனாளிகளின் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டதாகவும் அந்த அறிக்கை சுட்டியது. அது இறுதி அறிக்கை அல்ல என்று அப்போதைய மாநில அரசு விளக்கமளித்தது.

முகப் பதிவு இருந்திருந்தால் பெயரளவிலான பயனாளிகளின் கணக்கு ஓரளவு வெளிப்பட்டிருக்கும். ஆயினும் அதே அறிக்கை இன்னொன்றையும் உணர்த்துகிறது. கசிவு ஆலையிலும் கிடங்கிலும் லாரியிலும் நிகழலாம். அந்த இடங்களில் பொருள் குறைந்ததா என்பதைத் தாயின் முகப்படம் காட்டித் தராது. மையத்துக்கு மூட்டை வராத மாதத்திலும், வந்த மூட்டை எடை குறைந்த மாதத்திலும் கேள்வி கேட்கப்பட வேண்டியவர் விநியோகிப்பவரே.

யாருடைய கைபேசி?

ஓடிபி முறை, பெண்ணிடம் கைபேசி இருப்பதாகக் கருதிக்கொள்கிறது. அதே குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்துள்ள பெண்கள் நாட்டில் 54 சதவீதத்தினர், கிராமப்புறங்களில் 46.6 சதவீதத்தினர் மட்டுமே. எஞ்சிய வீடுகளில் ஆதாருடன் இணைந்த எண் பெரும்பாலும் கணவருடையதாகவோ மாமனாருடையதாகவோ இருக்கும். கணவர் வெளிமாநிலத்தில் வேலைக்குச் சென்றிருந்தால், கடவு எண் அவருடைய கைபேசிக்குத்தான் செல்லும். அவர் வேலைக்கிடையே அதைப் பார்த்துச் சொல்லும் வரை தாய் மையத்தில் காத்திருக்க வேண்டியதுதான். எண் மாறியிருந்தால், முதலில் ஆதார் மையத்துக்குச் சென்று அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிரசவமான தாய்க்குப் பதிலாக மாமியாரோ நாத்தனாரோ சென்று சத்துமாவை வாங்கி வருவது கிராமங்களில் இயல்பான வழக்கம். முகப் பதிவு அந்த வழக்கத்துக்கு இடம் தருவதில்லை. மலைப்பகுதிகளிலும் காட்டோரக் குடியிருப்புகளிலும் இணைய இணைப்பு கிடைக்காத சிக்கல் தனி.

இவை அனைத்துக்கும் நேரில் பதில் சொல்ல வேண்டியவர் அங்கன்வாடி ஊழியர். அவருக்கான மதிப்பூதியம் 2018 அக்டோபரில் மாதம் 4,500 ரூபாயாகவும், உதவியாளருக்கு 2,250 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இதற்கு மேல் மாநிலங்கள் தத்தம் பங்காகத் தரும் தொகை இடத்துக்கு இடம் மாறுகிறது. மகாராஷ்டிரத்தில் 2021ஆம் ஆண்டு, அரசு வழங்கிய கைபேசிகள் அடிக்கடி பழுதாவதாகவும், செயலி ஆங்கிலத்தில் இருப்பதாகவும் கூறி ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அவற்றைத் திருப்பி ஒப்படைத்தனர். பின்னர் செயலி பல இந்திய மொழிகளில் வந்தது. முகம் பொருந்தாதபோது வெறுங்கையுடன் திரும்பும் தாயின் கோபம் அமைச்சகத்தைச் சென்றடைவதில்லை. அதே தெருவில் வசிக்கும் ஊழியரிடமே நின்றுவிடுகிறது.

படத்தையே படமெடுத்தார்கள்

படம் இருந்தால் முறைகேடு ஒழியும் என்ற நம்பிக்கையை ஊரக வேலைத் திட்டம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துள்ளது. 2021இல் அறிமுகமான தேசியக் கைபேசிக் கண்காணிப்புச் செயலி, 2023 ஜனவரி 1 முதல் பெரும்பாலான பணியிடங்களில் கட்டாயமானது. நாளுக்கு இருமுறை, நேரமும் இருப்பிடமும் குறிக்கப்பட்ட படங்கள் பதிவேற்றப்பட வேண்டும். பதிவேற்றம் தவறினால் உழைத்த நாளுக்கும் கூலி கிடைக்காது என்று தொழிலாளர் அமைப்புகள் 2023 பிப்ரவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் தொடர் போராட்டத்தைத் தொடங்கின.

2025 ஜூலை 8 அன்று மாநிலங்களுக்கு மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கை, இச்செயலி எவ்வாறு தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பதை விவரித்தது. பணிக்குத் தொடர்பில்லாத படங்கள், நேரடிப் படத்துக்குப் பதிலாகப் படத்தையே படமெடுத்தவை, படத்தில் உள்ளோர் எண்ணிக்கைக்கும் வருகைப் பதிவுக்கும் பொருந்தாதவை ஆகியன அதில் இடம்பெற்றன. தீர்வாக, படங்களை ஊராட்சி அளவில் முழுமையாக மனிதர்களே சரிபார்க்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. மனித மேற்பார்வைக்கு மாற்றாக வந்த செயலியை மேற்பார்வையிட மீண்டும் மனிதர்களே தேவைப்பட்டனர். ஏமாற்ற நினைத்தவர்கள் வழி கண்டுபிடித்துவிட்டனர். சிக்கல் இல்லாமல் கூலி பெற வேண்டியவர்கள் சிக்னலைத் தேடி நின்றனர்.

கடிகாரம் அதிகாரிக்கு ஓடும்போது

இதற்கு மாறான முன்மாதிரியும் அரசமைப்பு நிறுவனம் ஒன்றிடமிருந்தே கிடைக்கிறது. தேர்தல் ஆணையம் 2018இல் அறிமுகப்படுத்திய 'சி-விஜில்' செயலியில், தேர்தல் நடத்தை விதிமீறலைக் காணும் எவரும் படமோ இரண்டு நிமிடக் காணொளியோ எடுத்து அனுப்பலாம். இருப்பிடம் தானாகவே பதிவாகும். பெயரை வெளியிடாமலும் புகார் அளிக்கலாம்.

அதன் பின் கடிகாரம் அதிகாரிகளுக்கு ஓடத் தொடங்குகிறது. 5 நிமிடங்களுக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை புகாரைப் பறக்கும் படையிடம் ஒப்படைக்க வேண்டும். 15 நிமிடங்களில் குழு இடத்தை அடைய வேண்டும். அடுத்த 30 நிமிடங்களில் விசாரணையும், அதற்கடுத்த 50 நிமிடங்களில் தேர்தல் நடத்தும் அலுவலரின் முடிவும் அமைய வேண்டும். மொத்தம் 100 நிமிடங்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது மார்ச் 29 வரை வந்த 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களில் 99 சதவீதம் தீர்க்கப்பட்டதாகவும், அவற்றில் சுமார் 89 சதவீதம் 100 நிமிடங்களுக்குள் முடிக்கப்பட்டதாகவும் ஆணையம் தெரிவித்தது.

இரண்டு செயலிகளும் படமெடுக்கின்றன; இரண்டும் இருப்பிடத்தையும் நேரத்தையும் பயன்படுத்துகின்றன. ஒன்றில் குடிமகன் கேட்கிறான், அதிகாரி பதில் சொல்கிறார். மற்றொன்றில் தாய் தன்னை மெய்ப்பிக்கிறாள். மெய்ப்பிக்க இயலாவிட்டால் யாருக்கும் கடிகாரம் ஓடுவதில்லை.

சட்டம் சொல்வது

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4, 5, 6ஆம் பிரிவுகள் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோருக்கான சத்துணவைச் சட்ட உரிமையாக்கியுள்ளன. உரிய உணவு வழங்கப்படாவிட்டால் மாநில அரசிடமிருந்து உணவுப் பாதுகாப்புப் படி பெறும் உரிமையை 8ஆம் பிரிவு அளிக்கிறது. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆதார் எண்ணைக் காட்ட இயலாத காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பயன் மறுக்கப்படக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. ஆகவே முகம் பொருந்தாதது, உணவை மறுக்கச் சட்டம் ஏற்கும் காரணமாக முடியாது.

இதற்கான தீர்வு செயலியைக் கைவிடுவது அல்ல. அதன் வரிசையை மாற்றுவது. முதலில் உணவு, பிறகு சரிபார்ப்பு என்பது அடிப்படை விதியாக வேண்டும். முகம் பொருந்தாத நாளில் ஊழியர் காரணத்தைக் குறித்துவிட்டு உணவை வழங்கவும், அப்பதிவை மேற்பார்வையாளர் குறிப்பிட்ட நாள்களுக்குள் நேரில் ஆய்வு செய்யவும் வழி வேண்டும். வழங்கப்பட்டவர்களின் எண்ணிக்கையைப் போலவே, பொருந்தாமல் திரும்பியவர்களின் எண்ணிக்கையும் மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும். மையத்துக்கு எத்தனை மூட்டை, எந்த நாளில் வந்தது என்ற குறுஞ்செய்தி தாய்மார்களுக்கும் சென்றால், கணக்குக் கேட்கும் உரிமை அவர்கள் கைக்கும் வரும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைவாய்ப்புச் சட்டம், 100 நாள் வேலையை 125 நாளாக உயர்த்துவதோடு உயிரடையாளச் சரிபார்ப்பையும் கைபேசிவழிக் கண்காணிப்பையும் திட்டத்தின் பகுதியாக்கியுள்ளது. அங்கன்வாடியில் இன்று ஏற்படும் அனுபவம் அங்கும் எதிரொலிக்கும். பணியிடமானாலும் சத்துணவு மையமானாலும், சரிபார்ப்பு தவறிய நாளில் பயனாளிக்கு என்ன கிடைக்கும் என்பதை விதிமுறைகளிலேயே எழுதி வைப்பது அரசின் பொறுப்பு. இரண்டு வயதுக் குழந்தை தவறவிட்ட ஒரு மாதச் சத்துணவை, செயலியின் அடுத்த பதிப்பால் ஈடுசெய்ய இயலாது.