ஷொக்கைக் குறை சொல்ல முதல்

மவுண்டன் பைக்கின் பின் ஷொக் இறுகினால் நாங்கள் உடனே காத்தைக் குறைக்கிறம். அது வைத்தியம் இல்லை. இறுக்கம் உரசலால வருது. காத்தைக் குறைச்சால் குழியில ஷொக் அடிவரைக்கும் போய் இடிக்கும், அவ்வளவுதான்.

எங்கே உரசுது எண்டு முதலில் பார்ப்பம். ஷொக்கைக் கழற்றிவிட்டு, பின் சில்லைக் கையால தூக்கி இறக்குங்கோ. அப்பவும் இறுகினால் பிழை பெயாரிங்கில. லேசாக அசைந்தால் ஷொக்கில: தூசு, காய்ந்த சீல். ரொக்‌ஷொக்ஸ் நிறுவனமே 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருக்கா காத்து அறையைத் திறந்து சேர்விஸ் செய்யச் சொல்லுது. நாங்கள் எத்தனை பேர் செய்யிறம்?

ஒரு எச்சரிக்கை: காத்தை முழுக்க இறக்காமல் திறக்கவே கூடாது. இறக்கியும் ஷொக் சுருங்கியே நிண்டால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கலாம். தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ.

புதுசு வாங்கக் காசு சேர்க்க முதல், கழற்றிப் பார்க்கப் பழகுவம்.