அட்டை கேட்டோம்; ஆளையே கேட்கிறார்கள்!

ஏழைக்கு ஏது அந்தரங்கம்?

இந்தக் கேள்வி நாம் கற்பனையில் கட்டியதல்ல, தோழர்களே! 2017-ஆம் ஆண்டில், சுப்ரீம் கோர்ட்டில் 9 நீதிபதிகள் அமர்ந்து, இந்நாட்டுக் குடிமகனுக்கு அந்தரங்க உரிமை உண்டா என்று ஆராய்ந்தபோது, மத்திய சர்க்கார் தரப்பில் வைக்கப்பட்ட வாதத்தின் சாரம் இது. பசித்தவனுக்கு வேண்டியது சோறு, அந்தரங்கம் என்பதெல்லாம் மேட்டுக்குடியின் கவலை என்பது போல வாதம் நடந்தது. அதே ஆண்டு மே மாதம், வருமான வரி எண்ணோடு ஆதாரை இணைக்கும் வழக்கில், தன் உடல்மீதே ஒருவனுக்கு முழு உரிமை கிடையாது என்று அன்றைய அட்டர்னி ஜெனரல் வாதாடினார். வீடில்லை, நிலமில்லை, பாங்கியில் பணமில்லை. உழைப்பவனுக்கு இருக்கும் ஒரே சொத்து உடல்தான். அதற்கும் பட்டா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்!

2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தனர். ஏழைக்கு அது தேவையில்லை என்ற வாதத்தையும் தூக்கி எறிந்தனர். தீர்ப்பு ஏட்டில் ஏறிவிட்டது. குடிசை வாசலுக்கு வந்து சேர்ந்ததா? அதைத் தேடி டில்லிக்குப் போக வேண்டாம். செங்கற்பட்டு மாவட்டத்துக் கடலோரமாக நடந்து பார்ப்போம்.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி. நரிக்குறவரும் இருளரும் வாழுமிடம். சாதிச் சான்று இல்லை, மனைப் பட்டா இல்லை, ரேஷன் கார்டு இல்லை என்று ஆபீஸ் வாசல்தோறும் காத்துக் கிடந்த மக்கள். 2021 நவம்பர் 4, தீபாவளி நாளில், முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் நேரில் சென்று பட்டாவும் சான்றுகளும் அட்டைகளும் வழங்கிய பிறகுதான், அவர்களில் பலருக்கு, 'இவனும் இந்த ஊரான்' என்று சொல்லும் ஒரு வரி சர்க்கார் ஏட்டில் கிடைத்தது. அட்டையற்ற வாழ்வின் அவதி அவர்களுக்குத் தெரியும். எனவே, அட்டையே ஆகாது என்று நாம் பேசப் போவதில்லை. அட்டை ஏழையின் உரிமை. கேட்டோம், கெஞ்சியல்ல, போராடிக் கேட்டோம்.

கேட்டது அட்டை. கொடுக்கும் சாக்கில் அவர்கள் கேட்பது என்ன? பத்து விரலின் ரேகை, இரு கண்ணின் கருவிழி, முகத்தின் படம்! அதற்கு ஈடாக 12 இலக்கத்தில் ஓர் எண். பிறகு அந்த எண்ணை அரிசியோடு கட்டு, பாங்கியோடு கட்டு, பென்ஷனோடு கட்டு என்று ஆணை. மறைமலைநகரில் கூலிக்கு மாரடிக்கும் தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டு கணக்கையும் 2021 செப்டம்பர் முதல் கட்டாயமாகக் கட்டிவிட்டார்கள். மாட்டுக்கும் காதில் 12 இலக்கப் பட்டை மாட்டியிருக்கிறார்கள். மாடு கேள்வி கேட்காது, கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை. மனிதன் கேட்கிறான். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறான். அது குற்றமா?

கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், கல்பாக்கத்து அணுமின் நிலையத்தின் நிழலில் புதுப்பட்டினம். இந்தக் கரையின் மீனவத் தோழனைக் கேளுங்கள். 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் கொலைவெறி ஆடிய கூட்டம் கடல் வழியே வந்தது. வழியில் குஜராத் மீன்பிடிப் படகொன்றைக் கைப்பற்றி, அதிலிருந்த மீனவர்களைக் கொன்றுவிட்டே வந்தது. அந்தக் கொடுமையில் முதலில் பலியானவன் மீனவன். அதன் பிறகு முதலில் சந்தேகிக்கப்பட்டவனும் மீனவனே! 2009-இல் திட்டம் தீட்டினார்கள்: கடல் மீனவர் அனைவருக்கும் கைரேகை பதித்த அடையாள அட்டை. நாடெங்கும் 3,331 கடலோரக் கிராமங்களில் குடியிருப்போர் விவரங்களையும், மற்ற ஊர்களுக்கு முந்தித் திரட்டினார்கள். வலை இழுக்கும் கை கண்ணாடித் தட்டின்மேல் விரித்து வைக்கப்பட்டது.

கடலுக்குள் போகிறவன் கையில் அட்டை இருப்பது நல்லதுதான். புயலில் சிக்கினால் தேட உதவும். திரும்பாவிட்டால் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்க உதவும். அதற்குப் பெயரும் ஊரும் படமும் படகின் எண்ணும் போதாதா? பாட்டன் காலந்தொட்டுப் பழகிய கடலில் இவன் யார் என்று நிரூபிக்கப் பத்து விரலும் எதற்கு? 'சாகர் கவச்' ஒத்திகை நாட்களில் படகை நிறுத்தி அட்டையைக் காட்டு என்கிறார்கள். காட்டுகிறான். காட்டிவிட்டு, பிடித்த மீனைப் பழுதாகாமல் கரை சேர்க்க விரைகிறான். அவன் கவலை அது.

அடுத்து சிற்பி. 1957-இல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிக்கென்றே கல்விக்கூடம் கண்ட நாடு இது. அங்கே கல்லுக்கு உயிர் கொடுப்பவனுக்கு ஒரு சங்கடம். உளி பிடித்துப் பிடித்து, கருங்கல் தூளில் உராய்ந்து உராய்ந்து, விரல் நுனி வழவழப்பாகிவிடுகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபர் முதல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. விரலை வைக்கிறான், இயந்திரம் இல்லை என்கிறது. துடைத்து வைக்கிறான், இல்லை. 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவன் கல்லில் பதித்தது கடற்காற்றையும் மீறி நிற்கிறது. அதே வகைக் கல்லைச் செதுக்கும் தமிழனின் விரலில் இயற்கை பதித்த கோடு தேய்ந்து போயிற்று. உழைத்ததற்குத் தண்டனை! சூளையில் செங்கல் அறுப்பவனுக்கும், உப்பளத்தில் நிற்பவளுக்கும், எழுபது வயது மூதாட்டிக்கும் இதே கதி. கைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்லலாம், கருவிழியைக் காட்டலாம் என்று மாற்று வழிகள் பிறகு வந்தன. கைபேசி இல்லாதவளுக்கும், கண்ணில் புரை விழுந்தவளுக்கும்?

எந்திரத்தை ஏழையைவிட அதிகம் நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜார்க்கண்ட் சாட்சி. 2017 செப்டம்பரில், சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்பத்தின் ரேஷன் கார்டை நீக்கிவிட்டார்கள், பட்டினியால் மகள் போனாள் என்று தாய் கதறினாள். காய்ச்சலால் இறந்தாள் என்றனர் அதிகாரிகள். ஆனாலும் அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது என்று டில்லி சுற்றறிக்கை விட்டது. காய்ச்சலுக்குச் சுற்றறிக்கை விடுவார்களா?

கொடுத்தாயிற்றே, பத்திரமாகவாவது இருக்கிறதா என்று பார்த்தால், 2018 ஜனவரியில் சண்டிகரின் 'டிரிப்யூன்' ஏடு எழுதியது: 500 ரூபாய் கொடுத்தால், ஆதார் எண்ணுக்குரியவரின் பெயரும் முகவரியும் திரையில் விரிகின்றன! ரேகைப் பெட்டகம் உடைபடவில்லை என்று மறுத்த அதிகாரிகள், செய்தி எழுதியவர் பெயரையும் சேர்த்துப் போலீசில் புகார் கொடுத்தார்கள். அதே ஆண்டு தெலங்கானாவில் நிலப்பதிவுப் பத்திரங்களிலிருந்து ரேகையைப் படியெடுத்து, ரப்பர் விரல் செய்து, சிம் கார்டுகளை இயக்கிய ஆள் பிடிபட்டான். பூட்டின் சாவி போனால் பூட்டை மாற்றலாம். விரல் களவு போனால்?

2022 மே மாதம் ஒரு வேடிக்கை. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர் என்று பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. இரண்டே நாளில் அந்த எச்சரிக்கையை வாபஸ் வாங்கினார்கள். மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்களாம்! மாமல்லபுரத்து விடுதிகளின் மேசை அறைகளில் அடுக்கப்பட்டிருக்கும் நகல்களோ எவருக்கும் பொறுப்பில்லாமல் அப்படியே கிடக்கின்றன.

ரேகை கேட்பதும், தமிழன் மறுப்பதும் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் சர்க்கார் 1906-இல் ஆசியரிடம் விரல் ரேகை கேட்டுச் சட்டம் போட்டது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் மசூதி முன்றலில் பதிவுச் சீட்டுகளை ஆயிரக்கணக்கில் தீயிலிட்டனர். அந்தப் போரில் தம்பி நாயுடு முன்னின்றார்; சிறைகளை நிரப்பியவர்களில் தமிழ்த் தொழிலாளரும் சிறு வணிகரும் ஏராளம். இங்கே உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பேரால் ரேகை பதிக்க வந்த துரைத்தனத்தை எதிர்த்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பாய்ந்தது. ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டனர். அந்தச் சட்டத்துக்கு அந்த மக்கள் வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. நம் ரேகையைக் கேட்ட அதே வெள்ளைக்காரன், போர்க்காலத்தில் தன் நாட்டில் வந்த அடையாள அட்டையை 1952-இல் ஒழித்துக் கட்டினான். மீண்டும் கொண்டுவந்த திட்டத்தையும் 2010-இல் ரத்து செய்து, திரட்டிய விவரங்களை அழித்தான். அவன் ஊரில் அவனுக்கு அந்தரங்கம் இனிக்கிறது!

இன்றைய நிலை என்ன? 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு, பாங்கிக் கணக்குக்கும் கைபேசிக்கும் ஆதார் கட்டாயமில்லை என்றது. தனியார் கம்பெனிகளின் பிடியைத் தளர்த்தியது. மானியப் பொருளுக்கு ஆதார் கேட்கலாம் என்று விட்டுவிட்டது. அதாவது, பணக்காரனின் கழுத்துக் கயிறு அவிழ்ந்தது. அரிசிக்கு நிற்பவனின் கயிறு அப்படியே. 2023-இல் விவரப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது. அதில் மத்திய சர்க்கார் தன் துறைகளுக்கே விலக்களித்துக் கொள்ள வழி வைத்திருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி! சென்னையில் யார் ஆண்டாலும் அவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது இது: விரல் பதியாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பொருள் கொடு, ஒரு முறை அல்ல, ஒவ்வொரு முறையும்.

அதுவரை கிளைத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. பொருள் வழங்கும் நாட்களில் ரேஷன் கடையருகே நில்லுங்கள். ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் பெயரை, அவர் சம்மதித்தால் மட்டும், எழுதுங்கள். நாமும் பட்டியல் வெறி பிடித்தவர்களாகிவிடக் கூடாது. வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 1967 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காண்டிராக்டரிடமோ விடுதியிலோ நகல் கொடுப்பவர், என்ன காரியத்துக்கு, என்ன தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுக்கட்டும். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் படியும் உண்டு. அதை எடுத்துத் தர இ-சேவை மையம்வரை உடன் செல்லுங்கள். திருக்கழுக்குன்றம், திருப்போரூர், செங்கற்பட்டு வட்டங்களின் தோழர்கள் இந்த மாத வழங்கலிலேயே தொடங்கட்டும். சிற்பிகள் குடியிருக்கும் தெருவின் கடையிலிருந்தே தொடங்கட்டும்.