பட்டன் இருக்கிறது என்ற பிரமை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் போயிருந்தபோது, பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், மருமகன் முறையாக வேண்டிய இளைஞர் ஒருவர் என்னைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, தம்முடைய காருக்குப் புதிதாகப் போட்டிருந்த நான்கு அகலமான டயர்களைப் பெருமையோடு காட்டினார். “பட்டனப் பாருங்க மாமா, நகம் முழுசா உள்ள போவுது. அசல் வெளிநாட்டு டயர். புதுசா வாங்கினா ஒண்ணே இருபதாயிரம். நாலையும் சேத்து அந்த விலைக்கே முடிச்சிட்டேன்” என்றார். சுற்றி நின்ற நாலைந்து பேரும், அவர்களில் காரே இல்லாத இருவர் உட்பட, இதைவிடச் சிறந்த வியாபாரம் இருக்க முடியாது என்பதுபோலத் தலையசைத்தார்கள். நான் குனிந்து டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைப் படித்தேன். 1416 என்று இருந்தது. அதாவது 2016ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் வார்க்கப்பட்டு, ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட ரப்பர். அதைச் சொன்னேன். “அதனால என்ன மாமா, பட்டன் இருக்குதே” என்றார். அன்று சாப்பிட்டதில் எனக்கு ருசி தெரியவில்லை.

பட்டன், அதாவது டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ள வரிகள், இருந்தால் டயர் நல்லது என்பதும், பெயர்பெற்ற கம்பெனியின் வேக டயர் பழையதானாலும் சாதாரணப் புது டயரைவிட மேலானது என்பதும், இன்று புதுச்சேரியிலும் கடலூரிலும் திண்டிவனத்திலும் வாலிபர்கள் மாத்திரமன்றி, அநுபவம் உள்ளவர்கள் என்று நாம் மதிக்கும் டிரைவர்களும் மெக்கானிக்குகளும்கூட ஐயமின்றி உச்சரிக்கும் சித்தாந்தங்களாகிவிட்டன. சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய உதிரிச் சாமான்களை நம்பி எத்தனையோ வண்டிகளை ஓட்டிய மக்களுக்கு, கழற்றிய கதவைப் போலவும் கண்ணாடியைப் போலவும் கழற்றிய டயரும் ஒரு சாமான்தான் என்று தோன்றிவிட்டது. தோன்றியது பிசகு. கதவுக்கு வயதானால் துரு பிடிக்கும். அது கண்ணுக்குத் தெரியும். டயருக்கு வயதாவது உள்ளே.

ரப்பர் என்பது என்ன என்று ஒருகணம் நினைத்துப் பார்க்கவேண்டும். 1839இல் சார்லஸ் குட்யியர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி அதை உறுதிப்படுத்தும் வித்தையைக் கண்டார். ரப்பரின் நீண்ட இழைகளைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சிட்டு இணைப்பதால்தான் அது இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. ஆனால் அந்த ரசாயன வேலை தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. டயருக்குள் அடைத்த காற்றில் உள்ள பிராணவாயு ரப்பரின் ஊடாக மெல்ல மெல்லக் கசிந்து, இரும்புக்கம்பிப் பட்டைகளின் ஓரத்தில் இருக்கும் ரப்பரை வருஷக்கணக்காக அரித்து இறுக்குகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இத்தகைய ரசாயன வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் தார்ச்சாலை எப்படிக் கொதிக்கும் என்பதைச் செருப்பில்லாமல் நடந்தவர்கள் அறிவார்கள். வெடிப்பு வராமல் காப்பதற்காக ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும், சக்கரம் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் மேற்பரப்புக்கு வருகிறது; ஆகவே, “பெரிய மனிதர் வீட்டு வண்டி, அதிகம் ஓடவில்லை, ஷெட்டிலேயே நின்றது” என்று விற்பவர் சொல்வது அந்த டயருக்குப் புகழுரை அல்ல, குற்றப்பத்திரிகை.

வேக டயருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது சாலையைக் கவ்விப் பிடிப்பதற்காகவே மிருதுவான கலவையில் செய்யப்படுகிறது. அந்த மிருதுத்தன்மையே அதன் விலை, அதன் கீர்த்தி, அதன் பிரயோஜனம் எல்லாம். வயதேறி இறுகியபின், பட்டன் எட்டு மில்லிமீட்டர் இருந்தால்தான் என்ன? பிடிக்கவேண்டிய குணம் போய்விட்டது, பெயர் மாத்திரம் பக்கவாட்டில் நிற்கிறது. இந்த ஊரில் பிரெஞ்சுக்காரர் காலத்துத் தேக்கு நாற்காலிகளையும் ரோஸ்வுட் அலமாரிகளையும் பழையது என்பதற்காகவே அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது நியாயம், ஏனெனில் நல்ல மரம் வயதானாலும் எளிதில் உறுதி குலையாது. ரப்பரை அந்தக் கண்ணால் பார்க்கக்கூடாது.

இதை நான் கற்பனையிலிருந்து சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலீஸை அடுத்த சாண்டா கிளாரிட்டாவில், கார்ப் பந்தயப் படங்களால் உலகமெங்கும் பெயர்பெற்ற நடிகர் பால் வாக்கர், நண்பர் ஓட்டிய போர்ஷே கரேரா ஜிடி காரில் போய்க்கொண்டிருந்தபோது விபத்தில் இறந்தார். ஓட்டிய நண்பரும் இறந்தார். மணிக்கு 80 முதல் 93 மைல் வரையான மிதமிஞ்சிய வேகமே காரணம் என்று 2014 மார்ச்சில் முடிவு சொன்ன புலன்விசாரணை அதிகாரிகள், கூடவே ஒரு விஷயத்தையும் எழுதிவைத்தார்கள். அந்தக் காரின் டயர்களுக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வயது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்றார்கள். அந்தப் படங்களின் சுவரொட்டியை அறையில் ஒட்டிவைத்திருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்கிறேன்: ஓட்டியவர் பந்தயத்தில் பழகியவர், கார் உலகில் அபூர்வமாகச் செய்யப்பட்ட கார்களில் ஒன்று, புது டயருக்குப் பணம் இல்லாத ஏழைகளும் அல்லர், சாலையோ நம்முடையதைவிட நல்ல சாலை; அவ்வளவும் சேர்ந்து அந்த ஒன்பது வருஷத்தை ஈடுசெய்ய முடிந்ததா? “அங்கே வேகம்தான் காரணம்” என்பார்கள். வேக டயரை எதற்காக வாங்குகிறீர்கள், மணிக்கு முப்பது கிலோமீட்டரில் காமராஜர் சாலையில் ஊர்வதற்கா? வேகத்துக்காக வாங்கும் பொருள் வேகத்தில் கைவிடும் என்றால், அதைவிடத் துரோகம் வேறு என்ன இருக்கிறது?

பட்டனைப் பற்றியே பேசுகிறவர்கள் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்ட கதையையும் தெரிந்துகொள்ளவேண்டும். அவற்றில் நேர்ந்தது பட்டன் தேய்வு அன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே, பட்டனோடு சேர்ந்து மேற்பட்டை முழுவதும் உரிந்து பறந்தது. உள்ளே பட்டைகளுக்கிடையே பிடிப்பு விட்டுப்போனதே காரணம். விபத்துகள் அதிகம் நடந்தது வெப்பமான தென்மாநிலங்களில். பின்னர், அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா 2007இல் தன் காங்கிரஸுக்குச் சமர்ப்பித்த அறிக்கையில் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கணக்கை எடுத்துக்காட்டியது: பாலிசிதாரர்களில் 27 சதவிகிதத்தினரே வெப்பமான ஐந்து மாநிலங்களில் இருந்தார்கள், டயர் சம்பந்தமான நஷ்டஈட்டுக் கோரிக்கைகளிலோ 77 சதவிகிதம் அங்கிருந்து வந்தவை, அவற்றிலும் 84 சதவிகிதம் ஆறு வருஷத்துக்கு மேற்பட்ட டயர்கள். அந்த மாநிலங்களின் வெயிலுக்கே இந்தக் கதியென்றால், மே மாதத்து வில்லியனூர்ச் சாலைக்கு என்ன கதி? கார்க் கம்பெனிகள் பல, பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருஷத்தில் டயரை மாற்றிவிடும்படி தங்கள் கைப்புத்தகங்களிலேயே அச்சிட்டிருக்கின்றன. கைப்புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? அது டாஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கிறது.

இனி, வயதையும் விட்டுவிடுவோம். இரண்டே வருஷமான பழைய டயர் என்றே வைத்துக்கொள்வோம். அதை முன்பு ஓட்டியவன் காற்றுக் குறைவோடு எத்தனை தூரம் ஓட்டினான், எந்தப் பள்ளத்தில் இறக்கிப் பக்கவாட்டை நசுக்கினான், எத்தனை பஞ்சர் ஒட்டினான் என்பதற்கு அத்தாட்சி உண்டா? ரிம்மில் மாட்டியபின் உட்புறத்தை யாரும் பார்க்க முடியாது. மாட்டுவதற்கு முன்பு பார்ப்பவர்களும் சொற்பம். கறுப்புப் பாலிஷ் பூசினால் வெடிப்புகள் மறைந்துவிடும். அதைவிடக் கொடுமை, மொட்டையாகிவிட்ட டயரில் சூடேற்றிய கத்தியால் பள்ளம் வெட்டிப் புதுப் பட்டன்போலக் காட்டும் தொழில் இந்நாட்டில் பகிரங்கமாக நடக்கிறது. கம்பிக்கு மேல் இருக்கவேண்டிய ரப்பரையே அறுத்தெடுத்து, அதை அலங்காரமாக்கி விற்கிறார்கள். நகத்தை உள்ளே விட்டுப் பார்த்து, ஆழம் இருக்கிறது என்று நாம் வாங்குகிறோம்! 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கார் டயரை உபயோகிக்கக் கூடாது என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. ஆனால் சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருஷத்துக்குச் செல்லும் என்பதால், அந்தப் பதினைந்து வருஷமும் ஒரு சர்க்கார் அதிகாரியாவது சக்கரத்தருகே குனிந்து பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் சட்டம் இருக்கிறது. வாடகை வண்டிக்காரனை மாத்திரம் எஃப்.சி. என்று அலைக்கழிக்கிறார்கள். அவன் டயரைவிடச் சொந்தக் கார்க்காரனின் டயர் எந்த விதத்தில் புண்ணியம் செய்தது?

இந்த ஊரின் சுபாவமும் இதற்கு உடந்தை. பெட்ரோல் மலிவு, சாலை வரி மலிவு என்ற பெருமையில் வளர்ந்த நமக்கு, மலிவு என்பதே ஒரு மதமாகிவிட்டது. வரியை மிச்சம் பிடிப்பதற்காகக் கேரளத்துப் பணக்காரர்களும் பிறரும் இங்கே வசிப்பதாகப் பொய் விலாசம் காட்டி ஆடம்பரக் கார்களைப் பதிந்த விவகாரம் 2017இல் வெளியாகி வழக்குகள் வரை போயிற்று. பிஒய் என்ற நம் பதிவெண் எழுத்தைப் பார்த்தாலே வெளியூரில் சந்தேகப்படுகிறார்கள். அந்தக் கார்கள் கைமாறிக் கைமாறி, புதுக் காரின் விலையில் கால்பங்குக்கு நம் வாலிபர்களிடம் வந்துசேர்கின்றன. காரை வாங்கிவிடலாம், அதன் டயரை வாங்க முடியாது. உடனே பழைய டயர். அது போதாதென்று, கம்பெனி கொடுத்த பதினைந்து அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டுப் பதினேழு, பதினெட்டு அங்குல அலாய் வீல் மாட்டுகிறார்கள். அந்த அளவுக்குப் புது டயர் கட்டுப்படியாகாது என்பதால் மீண்டும் பழைய டயர். சனி ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்கும் மரக்காணத்துக்கும் இடையே இந்த வாகனங்கள் சீறிப் பாய்வதைப் பார்க்கும்போது, ஓரமாக மீன்கூடையோடு நடந்துபோகும் பெண்களை நினைத்து என் மனம் பதைக்கிறது. டபிள்யூ என்று பொறித்த டயர் 270 கிலோமீட்டர் வேகம் தாங்கும், ஒய் என்று பொறித்தது 300 தாங்கும் என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் தாங்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய வளைவில், ஒன்பது வருஷத்துக்குப் பின்பும் தாங்கும் என்று எந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்தது?

வெளிநாட்டுப் பெயரின் மயக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரான்சின் கிளெர்மோன்–ஃபெரானில் 1889இல் மிஷ்லேன் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனியின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரேடியல் டயரை 1946இல் காப்புரிமை செய்து உலகத்துக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தக் கம்பெனிக்கே இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொழிற்சாலை இருக்கிறது. 1946இல் திருவொற்றியூரில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., நம் பிரதேசத்திலேயே நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏரிப்பாக்கத்தில் டயர் செய்கிறது. அப்போலோ ஒரகடத்தில் செய்கிறது. ஒரு மணி, இரண்டு மணிப் பிரயாணத் தூரத்தில் சுடச்சுடப் புது டயர் இறங்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, யாரோ வேண்டாமென்று கழற்றிப் போட்ட ஒன்பது வருஷத்து அந்நியச் சரக்கைத் தேடி அலைவதற்கு அடிமைப் புத்தி என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. 1954இல் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. இந்த மோகம் இன்னும் இறங்கவில்லை.

“பணம் இல்லாதவன் என்ன செய்வான்?” என்று அந்த மருமகனே கேட்டார். கேள்வி நியாயமானது, ஆனால் அதைக் கேட்கும் தகுதி பதினெட்டு அங்குல அலாய் வீல் போட்டவருக்கு இல்லை. கம்பெனி கொடுத்த அளவில், கம்பெனி சொன்ன வேகக் குறியீட்டில், பகட்டில்லாத புது டயர் ஒன்று ஏறத்தாழ 5,000 ரூபாய்க்குக் கிடைக்கும். அவர் நாலு கிழட்டு டயருக்குக் கொடுத்த அதே 20,000 ரூபாயில் நாலு புது டயர் போட்டிருக்கலாம். பழைய ரிம்கள் இன்னும் வீட்டு மாடியில்தான் கிடக்கின்றனவாம். அவற்றை இறக்கிக் கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறேன். கடைக்குக் கூடவே வந்து, பக்கவாட்டு இலக்கத்தைப் படித்து, ஆறு மாதத்துக்கு உட்பட்டதா என்று பார்த்து வாங்கித் தரவும் நான் தயார். அவருடைய பெண்குழந்தைக்கு மூன்று வயது. தினமும் அந்தக் காரின் பின்ஸீட்டில்தான் பள்ளிக்கூடம் போகிறது.